மணல் ஈயின் எச்சில்: அகத்தியமலை அடிவாரத்தில் ஒரு விஞ்ஞானப் புதிர்

திருவனந்தபுரம் மாவட்டத்துக் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் ஆறாத புண்ணாக வெளிப்படுவதும், பீகாரில் உயிரைக் குடிக்கும் காலா அசாராகத் தலைமுறை தலைமுறையாக வாட்டியதும் ஒரே கிருமி. இரண்டு இடங்களிலும் அதைச் சுமந்து வருவது ஒரே குலத்து ஈ. அப்படியிருந்தும் நோய் வேறாவது ஏன்? அந்த ஈயின் உமிழ்நீர் இவ்வினாவுக்கு ஒரு துப்புக் கொடுக்கிறது.

மேற்கே கடற்பக்கம் சூரியன் சாய்ந்த பிறகும் அகத்தியர்கூடத்தின் முகடு மட்டும் சிறிது நேரம் ஒளி தாங்கி நிற்கும் அந்திப் பொழுதில், கோட்டூருக்கு அப்பால் ஜீப்புகள் மட்டுமே ஏறக்கூடிய காட்டுப் பாதையின் ஓரத்தில் அமைந்த ஒரு காணிக் குடியிருப்பை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். ஈற்றைத் தட்டி அடைத்த பழைய குடிலும் அரசாங்கம் கட்டிக் கொடுத்த கான்கிரீட் வீடும் அக்கம்பக்கமாக நிற்கின்றன. அடுப்புப் புகை ஈரக் காற்றில் மேலே எழமாட்டாமல் முற்றத்திலேயே தவழ்கிறது. திண்ணையில் அமர்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக் கொண்டிருக்கும் ஒரு பெண்மணியின் கணுக்காலில், எள்ளளவே உள்ள, உடலெங்கும் மயிர் அடர்ந்த, சிறகுகளைச் சாய்க்காமல் நிமிர்த்தியே வைத்திருக்கும் ஒரு பூச்சி, பறந்து வந்து அமர்ந்தது என்று சொல்வதற்கில்லாமல், தத்தித் தத்தி ஏறி அமர்கிறது. ரீங்காரம் இல்லை. சுருக்கென்று ஒரு குத்தல். அவள் கை தன்னையறியாமல் காலைத் தடவுகிறது. பூச்சி தத்திப் போய்விடுகிறது. சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து அதே இடத்தில் ஒரு சிவந்த பரு எழும்பி, மெல்லத் தடித்து, நடுவில் பொருக்குத் தட்டிய புண்ணாகும்போது, அந்த அந்திக் கடியை நினைவில் வைத்திருப்பவர் எவரும் இரார்.

தலைநகரத்திலிருந்து ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவிலேயே இந்தக் காடு தொடங்கிவிடுகிறது. பேப்பாறை, நெய்யாறு வனவிலங்குச் சரணாலயங்களையும், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் களக்காடு, முண்டந்துறைக் காடுகளையும் அணைத்துக் கிடக்கும் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம், 2016-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது. அதே காட்டுக்குள் வாழும் காணி மக்களிடையே தோலைப் பற்றும் லீஷ்மேனியா நோய் உள்ளூரிலேயே தோன்றிப் பரவுகிறது என்பதையும், அதற்குக் காரணம் லீஷ்மேனியா டோனோவானி என்னும் ஒட்டுண்ணியே என்பதையும், புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் மரபணுப் பரிசோதனையால் உறுதிசெய்து 2015-இல் வெளியிட்டனர். அக்குடியிருப்புகளில் அவர்கள் பிடித்த மணல் ஈக்களில், காலா அசாரைக் கடத்துவதில் இந்தியாவெங்கும் பேர்போன பிளெபோடோமஸ் அர்ஜென்டிபஸ் முக்கியமான இடம் வகித்தது.

இந்தச் செய்தி நாளேடுகளின் உட்பக்கங்களில் ஒரு நாள் இருந்து மறைந்தது. மறைந்திருக்கக் கூடாத செய்தி என்பது என் எண்ணம்; ஏனென்றால் லீஷ்மேனியா டோனோவானி தோலோடு நின்றுவிடும் கிருமி அன்று. மண்ணீரலையும் கல்லீரலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கி, சிகிச்சை கிடைக்காதவர்களில் பெரும்பாலோரைக் கொன்றுவிடுகிற காலா அசார், மலையாளத்தில் கரிம்பனி என்று வழங்கும் அந்தக் கொடுநோய், இதே கிருமியின் வேலை. அப்படிப்பட்ட கிருமி இங்கே தோலளவில் அடங்கி நிற்பது எதனால் என்று கேட்கப் புகுந்தால், அந்தக் கேள்வி நம்மை ஈயின் வாய்க்கே அழைத்துச் செல்கிறது.

கடிவாயில் நடப்பது

கொசு கடிக்கும் விதம் வேறு, மணல் ஈ கடிக்கும் விதம் வேறு. கொசுவின் நீண்ட ஊசி தோலைத் துளைத்து ஒரு நுண்குழாயைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து நேராக இரத்தத்தை உறிஞ்சுகிறது. மணல் ஈயின் வாயுறுப்போ குட்டையானது, ரம்பம் போல் பல் உடையது. அது தோலை அறுத்து, அடியிலுள்ள நுண்குழாய்களைச் சிதைத்து, ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் ஊறக் காத்திருப்பவரைப் போல, அந்தச் சிறு குழியில் இரத்தம் ஊறி நிற்கச் செய்து, பிறகு குடிக்கிறது. இவ்வாறு இரத்தம் தேங்கினால், உடல் சும்மா இராது. அறுந்த குழாய் சுருங்கும், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பு உண்டாக்கும், இரத்தம் உறையும், நமைச்சல் எழுந்து கை அடிக்க வரும். இத்தனை தற்காப்புகளையும் இரண்டொரு நிமிஷ நேரத்துக்குத் தடுத்து வைத்தாலொழிய ஈக்கு உணவு இல்லை. அந்தக் காரியத்துக்காகவே அதன் எச்சில் அமைந்திருக்கிறது.

அந்த எச்சிலின் அளவைச் சொன்னால் நம்பக் கடினமாயிருக்கும். ஒரு மணல் ஈயின் இரு உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் உள்ள புரதமெல்லாம் சேர்ந்து ஒரு மைக்ரோகிராம் அளவை ஒட்டியே இருக்கும்; அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆராய்ச்சிக்கூடத்தில் இதைச் சேகரிப்பவர்கள், உப்புநீர்த் துளி ஒன்றில் ஈயைக் கிடத்தி, நுணுக்குக்காட்டியின் கீழ் இரண்டு மெல்லிய ஊசிகளால் தலையைப் பதமாக இழுக்க, தலையோடு ஒட்டிக்கொண்டு கண்ணாடிபோல் தெளிந்த இரண்டு சிறு பைகள் வெளிவரும். இப்படி நூற்றுக்கணக்கான ஈக்களைப் பிரித்தால்தான் ஒரு சோதனைக்குப் போதுமான அளவு சேரும். இந்த வேலையில் கை பழகியவர்களின் பொறுமையில்தான் இந்த அறிவுத்துறை முழுவதும் நிற்கிறது.

அப்பைகளுக்குள் இருப்பவை என்ன? தட்டணுக்கள் ஒன்றையொன்று கூவி அழைக்கப் பயன்படுத்தும் ஏ.டி.பி. என்னும் இரசாயனத்தைச் சிதைத்துவிடும் அபிரேஸ் என்ற நொதி உண்டு. உறைதலைத் தடுப்பவை உண்டு. குழாய்களை விரியச் செய்யும் பொருள் உண்டு. ஆனால் அது எல்லா மணல் ஈக்களிலும் ஒன்றல்ல. தென்னமெரிக்காவின் லுட்சோமியா லாஞ்சிபால்பிஸ் என்ற ஈயில் அது மேக்சடிலான் என்னும் சிறு புரதம். மிகச் சொற்ப அளவே தோலில் பட்டாலும் இரத்தக்குழாய்கள் விரிந்து தோல் நெடுநேரம் சிவந்து கிடக்கும். நம் நாட்டு அர்ஜென்டிபஸ் ஈயோ வேறு வழியைக் கைக்கொண்டிருக்கிறது. அதன் எச்சிலில் அடினோசின் என்ற எளிய மூலக்கூறு ஏராளமாக இருப்பதை 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அடினோசின் நம் உடலுக்கு அந்நியமானது அல்ல. நம்முடைய உயிரணுக்களே, அழற்சி எல்லை மீறும்போது அதைத் தணிப்பதற்கு உபயோகிக்கும் சமிக்ஞை அது. குழாயை விரிப்பதோடு, கிருமியைக் கொல்ல வரும் வெள்ளணுக்களின் வேகத்தையும் அது தணித்துவிடுகிறது.

ஈக்கு வேண்டியது இரத்தம் மட்டுமே. கிருமிக்கு உதவ வேண்டுமென்று அதற்கு எவ்வித நோக்கமும் கிடையாது. ஆனால் ஈ தன் வயிற்றுக்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டில் ஒட்டுண்ணி ஓசையின்றிப் பங்கு கொள்கிறது.

பெட்டிச் செய்தி: மணல் ஈயை அறிந்துகொள்ள

நீளம் இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர். பெண் ஈ மட்டுமே கடிக்கும்; முட்டைகள் முதிர்வதற்கு அதற்கு இரத்தம் வேண்டும். கொசுவைப் போல் நீரில் வளர்வதில்லை. ஈரமும் மக்கிய இலையும் சாணமும் கலந்த மண்ணில், மாட்டுத்தொழுவத்தின் மூலையில், பாறை இடுக்கில், மரப்பொந்தில் இதன் புழுக்கள் வளர்கின்றன. அந்தி முதல் விடியல் வரை நடமாட்டம். சாதாரணக் கொசுவலையின் கண்களுக்குள் புகுந்துவிடும். உலகில் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட மணல் ஈ இனங்கள், இருபதுக்கும் மேற்பட்ட லீஷ்மேனியா இனங்களைக் கடத்துகின்றன. தோலைப் பற்றும் வகையால் மட்டும் ஆண்டுதோறும் 6 லட்சம் முதல் 10 லட்சம் பேர் வரை புதிதாகப் பாதிக்கப்படுவதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

சென்னையில் தொடங்கி அஸ்ஸாம் வரை

இந்த நோயின் வரலாற்றில் நம் பக்கத்துக்கும் ஓர் இடம் உண்டு. 1903-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் நெட்லியில் பணியாற்றிய வில்லியம் லீஷ்மனும் சென்னைப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவனும், ஒருவரையொருவர் அறியாமல் நோயாளிகளின் மண்ணீரலில் கண்ட ஒரே கிருமியைப் பற்றி அறிவித்தார்கள். இருவர் பெயரையும் இணைத்து லீஷ்மேனியா டோனோவானி என்று பெயரிட்டவர் ரொனால்ட் ராஸ். கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தைக் கண்டு ஆயிரமாயிரம் உயிர்களைக் காத்தார். கடத்துவது எது என்ற கேள்விதான் நெடுங்காலம் இழுத்தது. 1920-களிலேயே அர்ஜென்டிபஸ் ஈயின் மேல் சந்தேகம் விழுந்தும், கடியின் வழியே நோயைக் கொண்டு சேர்க்க எவராலும் இயலவில்லை. இரத்தம் குடித்த ஈக்கு உலர்திராட்சையின் சாற்றை ஊட்டிச் சில நாள் அதிகம் வாழவைத்தால் கிருமிகள் பெருகித் தொண்டையையே அடைத்துவிடுகின்றன என்று ஸ்மித், ஹால்தர், அகமது ஆகிய மூவரும் கண்ட பிறகே வழி திறந்தது. அந்த உபாயத்தைக் கொண்டு 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர், அஸ்ஸாமில் தாமாக முன்வந்த மனிதர்களுக்கு ஈக்கடியின் மூலமே காலா அசாரை உண்டாக்கி ஐயத்தைத் தீர்த்தார்கள். நோய் என்று தெரிந்தே கையை நீட்டிய அந்த மனிதர்களுக்கு மருத்துவ உலகம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறது.

தொண்டை அடைப்பின் சூட்சுமம் பிற்காலத்தில் விளங்கிற்று. கிருமிகள் ஈயின் உணவுப்பாதையில் ஒருவகைக் கூழைச் சுரந்து, அதற்குள் தாங்களே செருகி நின்று, வால்வைப் பழுதாக்கிவிடுகின்றன. அடைபட்ட ஈ இரத்தத்தை இழுக்க முயன்று முயன்று, கூழையும் கிருமியையும் கடிவாய்க்குள் கக்குகிறது. வயிறு நிறையாமையால் மறுபடியும் மறுபடியும் கடிக்கிறது.

1988: பார்வை திரும்பிய ஆண்டு

அதுவரை ஈ ஒரு வாகனம் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் கிருமியை ஊசியால் எலிக்குச் செலுத்துவார்கள். நோய் வரவழைக்க லட்சக்கணக்கான, சமயத்தில் பத்து லட்சங்களையும் தாண்டிய கிருமிகள் வேண்டியிருந்தன. ஆனால் இயற்கையில் ஒரு ஈ ஒரு கடியில் செலுத்துவது அதில் மிகச் சிறிய பகுதி. 2008-இல் அளந்து பார்த்தபோது, பெரும்பாலான ஈக்கள் 600-க்கும் குறைவான கிருமிகளையே செலுத்தின என்று தெரிந்தது. சில நூறு கிருமிகள், தோலின் காவலை மீறி எப்படிப் பிழைக்கின்றன?

ரிச்சர்ட் டைட்டஸ், ஹோசே ரிபெய்ரோ என்னும் இருவர் 1988-இல் விடையின் முதல் வரியைக் கண்டார்கள். லீஷ்மேனியா கிருமியோடு மணல் ஈயின் சுரப்பிச் சாற்றையும் சிறிது கலந்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். சாறு பெறாத எலிகளைவிடப் புண் ஐந்து முதல் பத்து மடங்கு பெரிதாயிற்று. புண்ணுக்குள் இருந்த கிருமிகளின் தொகையோ ஐயாயிரம் மடங்கு வரை பெருகியிருந்தது. கிருமி மாறவில்லை, எலி மாறவில்லை. எச்சில் மட்டுமே கூடியது.

அதன்பின் வந்த ஆராய்ச்சிகள் கடிவாயை நிமிஷம் நிமிஷமாகப் பிரித்துக் காட்டின. ஈ கடித்த சிறிது நேரத்திலேயே நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் பெருந்திரளாக அங்கே வந்து குவிவதை 2008-இல் உயிருள்ள எலியின் தோலிலேயே படமெடுத்தார்கள். கிருமியைப் பிடிக்க அவை தம் மரபணு இழைகளையே வலையாக வீசும் இயல்புடையவை. லுட்சோமியா ஈயின் எச்சிலில் உள்ள லண்டெப் என்ற நொதி அந்த வலையை அறுத்துவிடுகிறது என்று 2014-இல் கண்டார்கள். அப்படியும் நியூட்ரோஃபில்களால் விழுங்கப்படும் கிருமிகள் எல்லாம் சாவதில்லை; சில அதனுள் ஒளிந்திருந்து, பின்னால் வரும் மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கிகளின் உள்ளே குடிபுகுகின்றன. பெருவிழுங்கியோ கிருமியைக் கொல்லவே பிறந்தது. ஆனால் எச்சிலின் அடினோசினும் அதையொத்த பொருள்களும் அதன் ஆயுதமான நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தணித்துவிடுகின்றன. ஆயுதம் மழுங்கிய அந்தச் சிறிது காலம் போதும். கிருமி உருண்டை வடிவெடுத்து, தன்னைக் கொல்ல வந்த அணுவுக்குள்ளேயே பெருகத் தொடங்கிவிடும்.

ஈ கக்குவது எச்சில் மாத்திரமும் அன்று. கிருமியின் கூழ், கிருமி வெளியிடும் நுண்கொப்புளங்கள், ஈயின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் ஆகியவையும் சேர்ந்தே இறங்குகின்றன. அவை ஒவ்வொன்றும் கடிவாயின் போக்கை மாற்றுகின்றன. ஊசியால் செலுத்திய கிருமிக்கு எதிராக வெற்றிபெற்ற சில தடுப்பூசிகள், ஈயின் கடிக்கு எதிராகத் தோற்றதன் காரணம் இதனால் விளங்குகிறது.

பெட்டிச் செய்தி: கொசுவும் இதற்கு விலக்கல்ல

திருவனந்தபுரத்து வாசகர்களுக்கு ஒவ்வொரு மழைக்காலத்திலும் நெருங்கிய அனுபவமான டெங்குவைக் கடத்தும் ஏடிஸ் கொசுவின் எச்சிலும், வைரஸின் பெருக்கத்துக்கு உதவுவதாக எலிச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதன் புரதங்களில் ஒன்று வெள்ளணுக்களைத் தூண்டி ஜிகா வைரஸுக்கு வழிகோலுவதாக 2019-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மலேரியாவைக் கடத்தும் அனாபிலஸ் கொசுவின் அக்ட்ரையோ என்னும் உமிழ்நீர்ப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள், எலிகளில் மலேரியாத் தொற்றைக் குறைத்தன. கிருமியை விட்டுக் கொசுவின் எச்சிலையே குறியாகக் கொண்ட ஒரு தடுப்பூசி, மனிதர்களில் முதற்கட்டச் சோதனையைக் கடந்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டது.

ஒரே கிருமி, இரண்டு நோய்

இனிக் கோட்டூருக்குத் திரும்புவோம். பீகாரில் உள்ளுறுப்புகளைத் தாக்கும் கிருமி இங்கே தோலோடு நிற்பது ஏன் என்ற வினா, அகத்தியமலைக்கு மட்டும் உரியதன்று. இமாசலப் பிரதேசத்தில் சட்லெஜ் பள்ளத்தாக்கின் கின்னோர்ப் பகுதியிலும் டோனோவானியே தோல்நோய் உண்டாக்குகிறது. இலங்கையில் அது நாடளாவிய பிரச்சினையாகவே வளர்ந்துவிட்டது. கிருமியின் மரபணுக்களில் வேற்றுமை உண்டு என்பதை இலங்கை ஆராய்ச்சிகள் நன்றாகவே நிறுவியுள்ளன. தோலில் வாழும் கிருமிக்கும் உள்ளுறுப்புகளில் வாழும் கிருமிக்கும் இடையே, உட்புகும் ஆற்றலோடு தொடர்புடைய சில மரபணுக்கள் மாறியிருக்கின்றன. ஆகவே முழுப்பொறுப்பையும் எச்சிலின் மேல் சுமத்துவது நியாயமாகாது.

ஆயினும் மத்திய அமெரிக்காவின் ஓர் உதாரணம் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பிரேசிலிலும் கொலம்பியாவிலும் உள்ளுறுப்பு நோயைத் தரும் கிருமி, கோஸ்டாரிக்காவில் புண்ணாகக்கூட வெடிக்காத தோல் முடிச்சுகளை மட்டும் உண்டாக்குகிறது. மூன்று நாட்டு ஈக்களையும் 1994-இல் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், ஒரே இனமென்று கருதப்பட்ட அந்த ஈக்களின் எச்சில் ஒன்றாக இல்லை என்பதைக் கண்டார்கள். பிரேசில், கொலம்பியா ஈக்கள் கடித்த இடம் நெடுநேரம் சிவந்திருந்தது. கோஸ்டாரிக்கா ஈ கடித்த இடத்தில் சிவப்பு மிகக் குறைவு. குழாயை விரிக்கும் மேக்சடிலான் அதனிடம் அற்பமாகவே இருந்தது. எச்சிலின் இந்த வேற்றுமையும் நோயின் போக்கை நிர்ணயிக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

இந்தக் கருத்து நமக்கு முக்கியமானது. ஏனென்றால் அர்ஜென்டிபஸ் என்பதும் தனி இனமன்று, தோற்றத்தில் பிரித்தறியக் கடினமான சகோதர இனங்களின் தொகுதி என்பதைப் பூச்சியியலாளர் கே. இளங்கோ 2010-இல் வெளியிட்ட மறு ஆய்வு எடுத்துரைத்தது. மாட்டுத்தொழுவத்தை அண்டி வாழும் பீகாரின் ஈயும், பாறை இடுக்குகளும் ஈரக்காடும் சூழ்ந்த அகத்தியமலையின் ஈயும் ஒன்றேதானா, ஒன்றேயானாலும் அவற்றின் எச்சில் ஒன்றுதானா என்பவை அறிவின் ஆசைக்காக மட்டும் கேட்கப்படும் கேள்விகள் அல்ல. தோலோடு நிற்கும் நோய் நாளைக்கு உள்ளே இறங்குமா என்பதும் இவற்றோடு பிணைந்திருக்கிறது. பக்கத்துக் கொல்லம் மாவட்டத்தின் குளத்துப்புழையில், மலையடிவாரப் பழங்குடிக் குடியிருப்பொன்றில் 2019-இல் கரிம்பனி கண்டறியப்பட்டது நினைவிருக்கட்டும். எய்ட்ஸ் நோயாலோ, உறுப்பு மாற்றச் சிகிச்சைக்கான மருந்துகளாலோ எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம், அடங்கிக் கிடக்கும் லீஷ்மேனியா உள்ளுறுப்புகளுக்குப் பரவும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த அபாயம்.

பெட்டிச் செய்தி: இலங்கையின் எச்சரிக்கை

இலங்கையில் உள்ளூரிலேயே தொற்றிய முதல் தோல் லீஷ்மேனியா நோயாளியைப் பற்றிய அறிக்கை 1992-இல் வெளிவந்தது. அப்போது அதை ஓர் அபூர்வமாகவே கருதினார்கள். 2003-இல் கிருமி டோனோவானி என்று உறுதியாயிற்று; 2008-இல் அரசாங்கத்துக்குக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்ந்தது. இன்று அனுராதபுரம், பொலன்னறுவை, ஹம்பாந்தோட்டை, மாத்தறை, குருநாகல் மாவட்டங்களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு வருகிறார்கள். எண்ணிக்கையில் சிறிதெனினும் உள்ளுறுப்பு நோயும் அங்கே பதிவாகியுள்ளது.

எச்சில் வைக்கும் சாட்சி

எச்சில் கிருமிக்கு உதவுகிறது என்பது பாதிக் கதை. அதே எச்சில் நமக்கும் உதவக்கூடும். ஒருவரை மணல் ஈ அடிக்கடி கடித்தால், அதன் உமிழ்நீர்ப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் அவர் இரத்தத்தில் தோன்றுகின்றன. ஆகவே ஒரு துளி இரத்தத்தைப் பார்த்து, அந்த மனிதர் எவ்வளவு கடிபட்டிருக்கிறார் என்று கூறலாம். வங்காளதேசத்தில் அர்ஜென்டிபஸ் ஈயின் ஒரு புரதத்தை ஆராய்ச்சிக்கூடத்தில் தயாரித்து இதற்குப் பயன்படுத்தியும் பார்த்தார்கள். இந்த அளவுகோலின் மதிப்பு ஒரு பெரிய சோதனையில் வெளிப்பட்டது. இந்தியாவிலும் நேபாளத்திலும் 2006 முதல் பல கிராமங்களுக்கு நெடுநாள் பூச்சிமருந்து நிலைக்கும் கொசுவலைகள் அளிக்கப்பட்டன. 2010-இல் முடிவு வெளியானபோது, வலை பெற்ற கிராமங்களில் தொற்று குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று தெரியவந்தது. எச்சிலின் எதிர்ப்பொருள்களை அளந்தவர்கள் காரணத்தின் ஒரு பகுதியைக் காட்டினார்கள்: வலைக்குள் உறங்கியவர்களும் கடிபட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், கடி சற்றே குறைந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் உறங்கப் போகுமுன், அந்தியிலேயே, வெளியிலேயே கடிக்கும் ஈக்கு வலை என்ன செய்யும்? சுவர்களில் மருந்து தெளிக்கும் முறையும் அப்படியே. பீகாரின் மண்சுவர்களில் டி.டி.டி. பலனிழந்த பிறகு செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் தெளித்தும், ஒரே தவணையில் செலுத்தும் ஆம்போடெரிசின் மருந்தைக் கொண்டும், இந்தியா காலா அசாரைப் பெருமளவு ஒடுக்கியது. வட்டாரம் ஒன்றுக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை 2023-இல் எட்டியது. அது போற்றத்தக்க சாதனை. ஆனால் அந்தக் கணக்கு உள்ளுறுப்பு நோயையே முதன்மையாகக் கொண்டது. அகத்தியமலையின் தோல் புண் அந்த இலக்குக்கு வெளியே நிற்கிறது. ஈற்றைத் தட்டியும் திறந்த திண்ணையும் காட்டு வேலையும் கொண்ட வாழ்க்கைக்குப் பீகாரின் முறையை அப்படியே பெயர்த்து வைப்பதால் பிரயோஜனம் குறைவு. எங்கே, எந்தப் பொழுதில், யாரை ஈ கடிக்கிறது என்பதை எச்சில் எதிர்ப்பொருள் பரிசோதனையால் அறிந்துகொண்டால், குழந்தைகளையா, மிளகு பறிப்பவர்களையா, இரவுக் காவலுக்குப் போகிறவர்களையா முதலில் காப்பது என்று தீர்மானிக்க வழி பிறக்கும்.

எச்சிலே தடுப்பூசி ஆகுமா?

கிருமி இல்லாத மணல் ஈக்களால் முதலில் கடிபட்ட எலிகள், பிறகு கிருமியுள்ள ஈக்கள் கடித்தபோது நோயினின்று பெருமளவு தப்பின என்று ஷாடன் கம்ஹாவியும் சக ஆராய்ச்சியாளர்களும் 2000-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். எச்சிலை முன்பே அறிந்த உடல், அது மீண்டும் வரும்போது விரைந்து அழற்சியை எழுப்புகிறது. கிருமி குடிபுகுமுன் களமே அதற்கு ஒவ்வாததாகிவிடுகிறது. 2015-இல் ஹெசூஸ் வாலென்சுவேலா குழுவினர் ஒரே ஒரு உமிழ்நீர்ப் புரதத்தால் ரீசஸ் குரங்குகளைக் காத்துக் காட்டினார்கள். 2024-இல் பிரிட்டனில், மணல் ஈயின் இயற்கையான கடியாலேயே மனிதர்களுக்குத் தோல் லீஷ்மேனியாவைக் கட்டுப்பாட்டோடு உண்டாக்கிக் குணப்படுத்தும் முறையும் வெளியிடப்பட்டது. இனி வரும் தடுப்பூசிகளை மெய்யான கடிக்கு எதிராகவே சோதிக்க இயலும்.

இதைக் கண்டு அவசரப்பட்டு மகிழ்வதற்கில்லை. நெடுங்காலம் ஓயாது கடிபட்ட எலிகளில் இந்தப் பாதுகாப்பு மங்கிவிட்டது. பிரேசிலின் வேறோர் ஈயின் எச்சில் காப்பதற்குப் பதிலாக நோயைத் தீவிரப்படுத்தியது. பிறந்தது முதல் கடிபட்டே வளரும் ஒரு காணிக் குழந்தையின் உடல், எச்சிலை எதிரியாக மதிக்கிறதா, பழகிப்போன ஒன்றாக விட்டுவிடுகிறதா என்பது, எங்கோ ஓர் அந்நிய ஈயைக் கொண்டு செய்த சோதனையால் தீர்ந்துவிடாது. எந்த ஈ கடிக்கிறதோ அந்த ஈயின் எச்சிலையே பார்த்தாக வேண்டும்.

காணிக்காரருக்கு நாம் செய்ய வேண்டியது

ஆரோக்கியப் பச்சை என்னும் மூலிகையின் பயனை 1987-இல் விஞ்ஞானிகளுக்குக் காட்டிக் கொடுத்தவர்கள் இந்தக் காணி மக்களே. பாலோடு தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, வருவாயில் பங்கை அவர்களுடைய அறக்கட்டளைக்கு அளித்தது. மலையின் அறிவை நகரத்தோடு பகிர்ந்துகொண்ட ஒரு சமூகத்துக்கு, நகரத்தின் அறிவு எந்த அளவுக்கு மலையேறிப் போயிருக்கிறது என்பதை இந்தப் புண்ணைக் கொண்டே மதிப்பிடலாம்.

முகத்திலோ கையிலோ தோன்றும் இப்புண் வலி தருவதில்லை. அதனாலேயே அசட்டை செய்யப்படுகிறது. தொழுநோய் என்றும், தோல் காசநோய் என்றும், படையென்றும் தவறாக எண்ணி மாதக்கணக்கில் பயனற்ற களிம்புகள் பூசப்படுகின்றன. தொழுநோய் என்ற ஐயம் ஒருமுறை எழுந்துவிட்டால், திருமண வயதிலுள்ள ஒரு பெண்ணுக்கு அது எத்தகைய துன்பம் தரும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. காலா அசாருக்குப் பயன்படும் விரைவு இரத்தச் சோதனை தோல் நோயில் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை; புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுத்த திசுவை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும், அல்லது பி.சி.ஆர். செய்ய வேண்டும். கண்டுபிடித்த பின்னும் சிகிச்சை எளிதன்று. ஆன்டிமனி சேர்ந்த மருந்தைப் புண்ணுக்குள்ளேயே ஊசியால் செலுத்துவது வழக்கமான முறை. அதை வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் காட்டிலிருந்து ஜீப் பிடித்துக் கோட்டூர் வந்து, அங்கிருந்து பஸ் ஏறி நகரம் வருபவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. மூன்றாவது, நான்காவது ஊசிக்குப் பிறகு வராமல் நின்றுவிடுபவரைக் குறை சொல்வது எங்ஙனம்?

ஆகையால் முதற்படி ஆராய்ச்சிக்கூடத்தில் அல்ல, குற்றிச்சல், விதுரை, அம்பூரி வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொடங்க வேண்டும். ஆறாத புண்ணைக் கண்டதும் சுரண்டிப் பார்க்கத் தெரிந்த ஒரு பரிசோதகர் அங்கே இருக்க வேண்டும். ஊசி மருந்தும் அங்கேயே கிடைக்க வேண்டும். இரத்தம் எடுக்கும்போது ஒரு துளியை எச்சில் எதிர்ப்பொருள் பரிசோதனைக்கென எடுத்து வைக்க வேண்டும். அதே பருவத்தில் அதே முற்றங்களில் விளக்குப் பொறி வைத்துப் பிடித்த ஈக்களின் சுரப்பிகளைப் பீகாரின் ஈக்களோடும் இலங்கையின் ஈக்களோடும் ஒப்பிட வேண்டும். இக்காரியத்துக்கு வேண்டிய நுணுக்குக்காட்டியும் மெல்லூசியும் உறைபெட்டியும் மரபணு வாசிக்கும் இயந்திரமும், மருத்துவக் கல்லூரியும் ராஜீவ் காந்தி உயிரித்தொழில்நுட்ப மையமும் உள்ள திருவனந்தபுரத்துக்கு அரிய பொருள்கள் அல்ல. காடு எல்லைக்கோட்டை மதிப்பதில்லை என்பதால், கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களின் காணிக் குடியிருப்புகளிலும் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறை இதே பரிசோதனையை இதே மாதங்களில் நடத்தினால்தான், மலையின் இரு சரிவுகளிலும் நோயின் எல்லை எது என்பது முதன்முறையாகத் தெளிவாக வரையப்படும்.